ஐந்து வெள்ளிச் சோறும் அரை வெள்ளிச் சோறும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் இன்றைக்குச் சோறு மூன்று விதமாகக் கிடைக்கிறது. மளிகைக் கடையில் அரிசி மூட்டையாக இருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் கறி, கூட்டு, ரசத்தோடு இலையில் விழுகிறது. மூன்றாவது வகை பேரங்காடியில், மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டுகளுக்குப் பக்கத்து அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. மூடியின் ஒரு மூலையைப் பிரித்து மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் ஆவி பறக்கும் கிண்ணச் சோறு அது.

இது காசுக்குத் தகுமா என்று கேட்டால் இரண்டு பதில் உடனே வரும். பெரியவர்கள், "அரிசி இவ்வளவு மலிவா இருக்கும்போது இதுக்கு அஞ்சு வெள்ளியா (ரிங்கிட்டா)?" என்பார்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகள், "நேரம் மிச்சமாகுதே, நேரமும் காசுதானே" என்பார்கள். இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே கணக்கைப் பாதியில் விட்டுவிட்டார்கள்.

முழுக் கணக்குக்குப் பொருளியலில் ஒரு வழி உண்டு. வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கைவிடுகிறோமோ அதுவே அதன் செலவு என்பதுதான் விஷயம். கைவிடுவது காசாக இருக்கலாம், நேரமாக இருக்கலாம், ஒரு வாய் ருசியாகவும் இருக்கலாம். ஆகவே "இதன் விலை என்ன?" என்பதோடு "எதற்குப் பதிலாக இதை வாங்குகிறேன்?" என்றும் கேட்க வேண்டும். தினமும் வீட்டில் நடக்கும் காரியம் என்பதால் சோற்றை வைத்தே இதைப் பழகிக்கொள்ளலாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரே அளவுக்குக் கொண்டு வருவோம்

அரிசியையும் கிண்ணச் சோற்றையும் அப்படியே பக்கத்தில் வைத்து விலை பார்க்கக் கூடாது. ஒன்று காய்ந்த தானியம், மற்றொன்று வெந்த சோறு. கிண்ணத்தின் மேல் 210 கிராம் என்று போட்டிருந்தால் அது வெந்த பிறகான எடை. வெந்த சோற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அந்த 210 கிராம் சோற்றுக்குள் இருக்கும் அரிசி 80 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கை நிறைய அள்ளினால் ஒன்றரைப் பிடி வரும்.

ஒரு கிலோ அரிசி சுமாராக இரண்டரைக் கிலோ சோறு ஆகும். புழுங்கல் அரிசியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே காணும். குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோவுக்கு அந்த அளவில் பன்னிரண்டு கிண்ணம் கிடைக்கிறது.

இப்போது விலை. கடைக்குக் கடை மாறும் என்பதால் எளிய எண்களாக எடுத்துக்கொள்வோம். பொன்னி அரிசி கிலோ 5 வெள்ளி, கிண்ணச் சோறு 5 வெள்ளி. உங்கள் கடையில் கூடக் குறைய இருந்தால் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் விதம் மாறாது. கிலோ 5 வெள்ளி அரிசியில் ஒரு கிண்ணத்துக்கு 42 காசு. தீபகற்பத்தில் கிலோவுக்கு 2 வெள்ளி 60 காசு என்று அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கும் உள்ளூர் வெள்ளை அரிசி கிடைத்தால் 22 காசுதான்.

இதோடு கரண்டையும் சேர்க்க வேண்டும். 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 0.35 யூனிட். யூனிட் 45 காசு என்று வைத்தால் 16 காசு. நாலு பேருக்கு ஒரே சட்டியில் ஆக்கினால் ஆளுக்கு 4 காசு. குக்கரையே 80 வெள்ளிக்கு வாங்கி ஐந்து வருடம் தினமும் பயன்படுத்தினால் நாளுக்கு நாலரைக் காசு, அதாவது ஆளுக்கு ஒரு காசு. எல்லாம் சேர்த்து 47 காசு. கூட்டியே வைத்து அரை வெள்ளி என்போம்.

கிண்ணச் சோறு 5 வெள்ளி, மைக்ரோவேவுக்கு இரண்டு நிமிடக் கரண்டு 2 காசு. ஆக, பத்து மடங்கு. வெறும் அரிசியாகப் பார்த்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 60 வெள்ளி கொடுக்கிறோம்.

இதைக் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காசு எங்கே போகிறது என்று பார்த்தால் புரியும். ஜப்பானில் சாத்தோ நிறுவனம் 1988-இல் இந்த மாதிரிச் சோற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொரியாவில் ஹெட்பான் என்ற கிண்ணச் சோறு 1996-இல் வந்தது. கிருமி புகாத அறையில் கிண்ணம் கிண்ணமாகச் சோற்றை ஆக்கி, காற்று ஊடுருவாத பல அடுக்கு பிளாஸ்டிக்கில் அங்கேயே மூடி ஒட்டிவிடுகிறார்கள். பை மாதிரி வருகிற வகையில் வேறு முறை. மூடிய பையையே ஏறக்குறைய 120 டிகிரி சூட்டில் அழுத்தம் கொடுத்துக் கிருமியைக் கொல்வார்கள். எந்த வழியாக இருந்தாலும் அந்த ஏற்பாட்டுக்கும், கிண்ணத்துக்கும், அலமாரி இடத்துக்கும் சேர்த்துத்தான் விலை. கடல் தாண்டி வந்த கிண்ணமாக இருந்தால், நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைச் சோற்றுக்குள் வைத்துக் கப்பலில் ஏற்றிவந்த கூலியும் அதில் இருக்கிறது. மாதக் கணக்கில் வெளியில் வைத்தாலும் கெடாத சோறு வேண்டும் என்றால் அவ்வளவு செலவாகத்தான் செய்யும். நமக்கு அது வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நாலு பேர் உள்ள குடும்பத்தில் ஒரு வேளைச் சோற்றுக்கு மட்டும் மாதம் முழுதும் கிண்ணம் வாங்கினால் 600 வெள்ளி. வீட்டில் ஆக்கினால் 60 வெள்ளி. இடையில் நிற்பது 540. இந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எந்தக் குடும்பமும் இப்படித் தினமும் வாங்கப் போவதில்லை, தெரியும். ஆனால் வாரத்துக்கு இரண்டு தரம் என்று பழக்கமானாலும் மாதத்துக்கு 150 வெள்ளி அதில் கரையும். பள்ளிக்கூட வேன் காசு கட்ட யோசிக்கிற வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

நேரத்தையும் எண்ணுவோம், ஆனால் சரியாக எண்ணுவோம்

"நேரமும் காசுதான்" என்பது சரியான பேச்சு. ஆனால் எந்த நேரம்? சோறு ஆக்குவதில் இரண்டு வகை நேரம் இருக்கிறது. கை வேலை செய்யும் நேரம் ஒன்று, சும்மா காத்திருக்கும் நேரம் மற்றொன்று. அரிசியை அளந்து, இரண்டு தண்ணீர் களைந்து, விரல் கணுவுக்குத் தண்ணீர் வைத்து, அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக் குக்கரில் உட்காரவைக்க ஐந்து நிமிடம். பிறகு சட்டி கழுவ மூன்று நிமிடம். மொத்தம் எட்டு. மீதி அரை மணி நேரம் குக்கர் தானாகப் பார்த்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் குளிக்கலாம், துணி மடிக்கலாம், பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்கலாம்.

கிண்ணச் சோற்றுக்கு இரண்டு நிமிடம். ஆனால் அது ஒரு கிண்ணத்துக்கு. மைக்ரோவேவ் தன் சக்தியை உள்ளே இருக்கும் உணவுக்குப் பங்கு போட்டுத்தான் கொடுக்கும். இரண்டு கிண்ணத்தைச் சேர்த்து வைத்தால் நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நாலு பேருக்கு நாலு கிண்ணம் என்றால் எட்டு நிமிடம். குடும்பத்துக்குச் சமைப்பதில் கை வேலை நேரமும் எட்டு நிமிடம்தான் என்று இப்போதுதான் பார்த்தோம். அரை மணிக் காத்திருப்பு மிச்சமாவது நிஜம், ஆனால் கை வேலையில் குடும்பத்துக்கு மிச்சமாவது ஒன்றும் இல்லை. விளம்பரத்தில் எப்போதும் ஒரே ஆள், ஒரே கிண்ணம். நம் வீட்டு மேசை அப்படி இல்லை.

தனி ஆளுக்குக் கணக்கு வேறு. ஒருவருக்கு மட்டும் ஆக்கினாலும் அதே எட்டு நிமிடம் வேண்டும். கிண்ணத்தில் இரண்டு. மிச்சம் ஆறு நிமிடம். காசுப் பக்கம்: தனி ஆளுக்கு ஆக்கும்போது கரண்டும் குக்கரும் பங்கு போட ஆள் இல்லாததால் ஒரு தட்டு 62 காசு ஆகும். கிண்ணம் 5 வெள்ளி 2 காசு. வித்தியாசம் 4 வெள்ளி 40 காசு. ஆக, ஆறு நிமிடத்தை 4 வெள்ளி 40 காசுக்கு வாங்குகிறோம். மணிக் கணக்கில் சொன்னால் ஒரு மணி நேரத்துக்கு 44 வெள்ளி.

1,700 வெள்ளிச் சம்பளத்தை மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று பிரித்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. நம் ஒரு மணி நேரத்தை 8 வெள்ளிக்கு விற்று, அதையே 44 வெள்ளிக்குத் திரும்ப வாங்குவதுதான் இது. உங்கள் சம்பளம் அதைவிட நல்லதாக இருந்தால் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 44-க்கு மேல் வந்தால், அந்த ஆறு நிமிடத்தில் நீங்கள் உண்மையிலேயே சம்பாதிக்கவும் போகிறீர்கள் என்றால், வாங்குவதில் தப்பே இல்லை. போனைத் தடவிக்கொண்டு உட்காரும் ஆறு நிமிடமாக இருந்தால் கணக்கு மாறிவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காத்திருக்கும் அரை மணி நேரம் எல்லாருக்கும் இலவசம் இல்லை. செம்பனை ஆலையில் இரவு வேலை முடிந்து, கண் சொருகச் சொருக வீட்டுக்கு வருபவருக்கு அந்த அரை மணி தூக்கத்திலிருந்து குறைகிற அரை மணி. ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துவிட்டு இரண்டு பஸ் மாறி வருபவருக்கும் அப்படித்தான். வேகத்தைவிட, முன்கூட்டி யோசிக்காமல் இருக்கலாம் என்ற நிம்மதிக்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். அந்த நிம்மதிக்கு ஒரு மதிப்பு உண்டு. அதையே இன்னும் மலிவாக வாங்க ஒரு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எதற்குப் பதிலாக?

கிண்ணச் சோற்றுக்குத் தனியாக "லாபம்" என்றோ "நட்டம்" என்றோ ஒரு முத்திரை கிடையாது. எதன் இடத்தில் அது வந்து உட்காருகிறது என்பதைப் பொறுத்து அதன் செலவு மாறும்.

வீட்டில் நேற்று வைத்த கோழிக்கறி குளிர்பெட்டியில் இருக்கிறது, சோறு மட்டும் இல்லை. களைப்பில் கடைக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று கிளம்புகிறீர்கள். கடையில் 9 வெள்ளி ஆகும் என்று வைப்போம். அந்த இடத்தில் 5 வெள்ளிக் கிண்ணம் உங்களுக்கு 4 வெள்ளி மிச்சம் பண்ணிக் கொடுக்கிறது. கறியும் வீணாகவில்லை. இன்னொரு நாள் வீட்டில் இருக்கிறீர்கள், அரிசி இருக்கிறது, குக்கர் இருக்கிறது, எழுந்து களைந்து வைக்க அலுப்பாக இருக்கிறது. அப்போது அதே கிண்ணம் நாலரை வெள்ளி நட்டம். அதே பொருள், அதே விலை, ஒரு நாள் சிக்கனம், ஒரு நாள் வீண். வாய்ப்புச் செலவு என்பதன் சாரமே இந்த வித்தியாசம்தான். இது பிடிபட்டுவிட்டால் சோற்றோடு நிற்காது, மோட்டார் வாங்குவதிலிருந்து மாதத் தவணைவரை எல்லாவற்றிலும் உதவும்.

தோட்டப்புற ஊரில் இன்னொரு விஷயமும் கணக்கில் வரும். பத்துக் கிலோ மூட்டை வாங்க ஒரே தடவையில் 50 வெள்ளி கையில் வேண்டும். மாதக் கடைசியில் பையில் 12 வெள்ளிதான் இருக்கிறது என்றால், கிலோ கணக்கு எவ்வளவு மலிவு என்று தெரிந்தும் பயன் இல்லை. கையில் காசு குறைவாக இருப்பவர்தான் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்கிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இது அவர்களுடைய அறியாமை இல்லை, மொத்தக் காசு இல்லாத கொடுமை. முன்பு கடைக்காரர் 555 கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தார், சம்பளம் போட்டதும் கட்டினோம். பேரங்காடியில் அந்தப் புத்தகம் கிடையாது. இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பங்கு போட்டால் இந்தச் சிக்கல் தீரும். சுங்கை சிப்புட் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தலைவர்களில் பெரிய பெயர் துன் சம்பந்தன். அவர் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். சேர்ந்து வாங்குவது நமக்குப் புதிய வித்தை இல்லை.

சோறு ஆக்குவதா பெரிய வேலை?

பக்கத்து வீட்டு அத்தை ஒருவர் சொல்வார்: "சோறு என்னப்பா வேலை, சுவிட்சைத் தட்டினா அது ஆகிட்டுப் போகுது. குழம்புதான் இடுப்பை ஒடிக்குது." இந்த ஒரு பேச்சில் முழுப் பிரச்சினையும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பால்மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் எழுந்து, லயத்து அடுப்பில் விறகு மூட்டி, ஊதி ஊதிச் சோறு வடித்து, தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு போனார்கள் நம் பாட்டிமார்கள். விறகு பொறுக்கிய நேரம், புகையில் கண் எரிந்த நேரம், கொதி பார்த்து நின்ற நேரம் எல்லாம் அன்றைய சோற்றின் விலையில் அடக்கம். யாரும் அதைக் கணக்கில் எழுதவில்லை. சம்பளச் சீட்டில் வராத வேலை என்பதால் அது வேலையே இல்லை என்று ஆகிவிட்டது. வீட்டு வேலை நேரத்துக்கு மதிப்புப் போடக் கற்றுக்கொள்வது நியாயமானது, அதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பாரத்தை இறக்கிவைத்தது கிண்ணச் சோறு இல்லை, ரைஸ் குக்கர். ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1955-இல் தானியங்கிக் குக்கரை விற்கத் தொடங்கியது. அதன் யுக்தி எளிமையானது. சட்டியில் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி முழுக்கக் குடித்ததும் அடிப்பக்கச் சூடு சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தை உணர்ந்து சுவிட்ச் தானாக விழுந்துவிடும். கொதி பார்த்து நிற்கும் வேலை அன்றோடு முடிந்தது. எட்டு நிமிடமாகச் சுருங்கிவிட்ட அந்த வேலையைத்தான் கிண்ணச் சோறு இப்போது பத்து மடங்கு விலைக்குச் செய்து தருகிறது.

ஆகவே வசதிக்கென்று மாதம் கொஞ்சம் காசு ஒதுக்க முடிந்தால், அதைச் சோற்றில் போடாதீர்கள். சந்தையில் தேங்காயைத் துருவியே கொடுக்கிறார்கள், அதை வாங்குங்கள். உரித்த பூண்டு, கழுவி நறுக்கிய மீன், கட்டிப் பாலாக வரும் தேங்காய்ப்பால் பாக்கெட் இவற்றில் போடுங்கள். ஒரு தேங்காயை உடைத்துத் துருவிப் பிழிய எவ்வளவு நேரம் ஆகும் என்று துருவியவருக்குத் தெரியும். அங்கே கொடுக்கும் ஒரு வெள்ளி, சோற்றுக் கிண்ணத்தில் கொடுக்கும் ஐந்து வெள்ளியைவிடக் கூடுதலான நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

ருசியையும் விட்டுவிட முடியாது. ஜப்பான், கொரியக் கிண்ணங்களில் இருப்பது ஒட்டுகிற குட்டை அரிசி. குச்சியால் எடுத்துச் சாப்பிட அது பொருத்தம். அதன் மேல் ரசம் ஊற்றிப் பாருங்கள். உருண்டை உருண்டையாக நிற்கும், ரசம் சுற்றி ஓடிப் போகும். பொன்னிச் சோறு பிரிந்து நின்று, குழம்பை உறிஞ்சி, கையால் பிசைய இடம் கொடுக்கும். சொல்லப்போனால் பொன்னி நமக்கு இரண்டு பக்கத்திலும் சொந்தம். மலாயாவின் மாயாங் எபோஸ் நெல்லையும் தைவான் நெல் ஒன்றையும் கலந்து மசூரி என்ற ரகத்தை உருவாக்கி 1965-இல் இந்த நாட்டில் வெளியிட்டார்கள். அது இந்தியா போய், அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னி 1986-இல் தமிழ்நாட்டில் வெளியானது. இங்கே பிறந்த நெல்லின் பிள்ளையைத்தான் அங்கேயிருந்து கப்பலில் வரவழைத்துச் சாப்பிடுகிறோம்.

வரவழைக்கும் அரிசிக்கு ஆபத்தும் உண்டு. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, புழுங்கலுக்கு அடுத்த மாதம் 20 விழுக்காடு வரி போட்டது. செப்டம்பர் 1-ஆம் தேதி, இந்த நாட்டுக்கு அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசி விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றம். அவ்வளவு ஏறியும் ஒரு தட்டில் அது ஏழெட்டுக் காசு வித்தியாசம்தான். அரிசி விலை ஏறுவது வலிக்கும், ஆனால் அதற்காகக் கிண்ணச் சோறு ஒருபோதும் மலிவாகிவிடாது.

உங்கள் கிண்ணத்தை நீங்களே செய்யலாம்

முன்னால் சொன்ன மலிவு வழி இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை கூடுதலாகச் சோறு ஆக்கி, வேளைக்கு ஒரு டப்பாவாகப் போட்டு உறைபெட்டியில் வைப்பது. ஆறு டப்பாவுக்கும் சேர்த்து அதே எட்டு நிமிடம், நிரப்ப இன்னும் சில நிமிடம். ஒரு டப்பா அரை வெள்ளிதான். இரவு வேலை முடிந்து வருபவருக்குக் கிண்ணச் சோறு தருகிற நிம்மதி அப்படியே கிடைக்கும்.

ஏன் உறைபெட்டி, சாதாரணக் குளிர்பெட்டி போதாதா என்று கேட்கலாம். அரிசியில் இருக்கும் மாவுச்சத்து வேகும்போது தண்ணீரைக் குடித்து இளகுகிறது. ஆறியதும் பழையபடி நெருங்கி இறுகப் பார்க்கும். அந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது பூஜ்யத்துக்குச் சற்று மேலே, அதாவது குளிர்பெட்டியின் சூட்டில்தான். அதனால்தான் அங்கே வைத்த சோறு மறுநாள் கல் மாதிரி இருக்கிறது. உறைபெட்டியில் வேகமாக உறைந்துவிட்டால் இறுக்கம் பாதியில் நின்றுவிடும். மறுபடி நன்றாகச் சூடாக்கினால் மாவுச்சத்து திரும்ப இளகும். கடைக் கிண்ணத்திலும் இதே கதைதான். பிரிக்காமல் அமுக்கிப் பாருங்கள், கெட்டியாக இருக்கும். ஏற்கெனவே வெந்த சோற்றையும் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும் என்று கிண்ணத்தின் மேல் எழுதியிருப்பது அதற்காகத்தான்.

செய்யும் விதத்தில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும், அது முக்கியமான இடம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். வேகவைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. நம் ஊர் வெயிலுக்குச் சோற்றை மேசையில் மதியத்திலிருந்து இரவுவரை விடவே கூடாது. சுவிட்ச் விழுந்து பத்து நிமிடம் புழுங்கியதும் தட்டையான டப்பாக்களில் பரப்புங்கள், அமுக்காதீர்கள். ஆவி அடங்கியதும், ஒரு மணி நேரத்துக்குள் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சூடாகும்போதும் நடுப்பக்கம் சில்லென்று நிற்காது.

சாப்பிடும்போது ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடியை லேசாகத் திறந்து, மைக்ரோவேவில் மூன்று நிமிடம். வெளியே எடுத்து ஒரு நிமிடம் விட்டுக் கிளறுங்கள். நடுவில் விரல் வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். மைக்ரோவேவ் இல்லாத வீட்டில் இட்லிப் பானையில் ஆவி கட்டினாலும் சரியாக வரும். ஒரு தடவை சூடாக்கியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். டப்பாவுக்கு 200 கிராம் என்று நிறுத்துப் போட்டால், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அளவும் தானாகக் கட்டுப்படும். சுகாதார அமைச்சு சொல்கிற "சுக்கு சுக்கு செப்பாரோ" (கால், கால், அரை) தட்டில் சோற்றுக்குக் கால்பங்குதான்.

அப்புறம், கடைக் கிண்ணம் யாருக்குத்தான் சரி? விடுதியில் குக்கர் வைக்க விடாத மாணவருக்கு. உறைபெட்டி இல்லாத வாடகை அறையில் இருப்பவருக்கு. வெள்ளக் காலத்துக்கென்று கெடாத உணவு நாலு எடுத்து வைக்க நினைக்கும் வீட்டுக்கு (அதுவும் கரண்டு இல்லாமல் கொதிநீரில் போட்டுச் சூடாக்கலாம் என்று கிண்ணத்தின் மேல் எழுதியிருக்கிற வகையாகப் பார்த்து). பிள்ளைகள் ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்ய, தாமான் குடியிருப்பில் தனியாக இருக்கும் வயதானவருக்கு, மூட்டு வலியில் சட்டி தூக்க முடியாத நாளுக்கு ஒன்றிரண்டு கிண்ணம் அலமாரியில் இருப்பது நல்லது. மற்ற நாட்களுக்கு, ஊருக்கு வரும்போது பிள்ளைகளே ஒரு குக்கர் சோற்றை டப்பாக்களில் போட்டு, மூடியில் தேதி எழுதி அடுக்கிவிட்டுப் போகலாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும். முன்னால் வைத்ததை முன்னால் எடுக்கும்படி, பழைய தேதி மேலே வர அடுக்குங்கள்.